கோமாளி மீனுக்கு முன் பச்சைத் தண்ணீர்



அமிர்தகழியில் வாவிக்கரை ஓரமாக உள்ள ஒரு வீட்டுக்குச் சில காலத்துக்கு முன் என்னை அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் படுவான்கரையில் வயல் செய்தவர். 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே சண்டை மூண்டபோது பிள்ளைகளோடு எழுவான்கரைக்கு ஓடி வந்தார். பின்னர் பலர் ஊர் திரும்பினார்கள். இவர் மனைவியின் உறவினர் கொடுத்த சிறு காணியில் தங்கிவிட்டார். வாவி கண் முன்னே கிடந்தாலும் அதில் வலை போட இவருக்குத் தோணியும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆகவே வீட்டுக்குள்ளேயே மீன் வளர்க்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சேமித்து வைத்திருந்த பணத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு சோடி கோமாளி மீனும் வாங்கியிருந்தார்.

"முட்டை போட்டிச்சு, பொரிச்சும் வந்திச்சு. மூண்டாம் நாள் பார்த்தா ஒண்டும் மிச்சம் இல்ல, பாதர். தண்ணி கண்ணாடி மாதிரித்தான் இருந்திச்சு. தீனும் போட்டன். நான் விட்ட பிழை என்ன?" என்று கேட்டார்.

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பின்னர் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்ததுதான் அவர் விட்ட பிழை. அதை விளக்கவே இக்கட்டுரை. இதே எண்ணத்தோடு பணம் போட நினைக்கும் குடும்பங்கள், போடுவதற்கு முன் இதை ஒரு முறை முழுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இது எப்படிப்பட்ட மீன்?

கோமாளி மீன் பவளப்பாறைக் கடலில் வாழும் சிறு மீன். செம்மஞ்சள் அல்லது கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டிகள் இருக்கும். இதில் ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. அவற்றில் சில இலங்கைக் கடலிலும் உண்டு. பூப்போல விரிந்து, தொட்டால் சுணைக்கும் கடற்சாமந்தி என்னும் உயிரினத்தின் நடுவே இது வாழும். மற்ற மீன்களைக் கொல்லும் அந்தச் சுணை இதை ஒன்றும் செய்யாது. தொட்டியில் வளர்ப்பதற்குக் கடற்சாமந்தி தேவையில்லை. அதை உயிரோடு வைத்திருப்பது மீனை வளர்ப்பதிலும் கடினம்; எனவே வாங்க வேண்டாம்.

2003இல் வெளிவந்த 'நீமோவைத் தேடி' என்ற கார்ட்டூன் படத்துக்குப் பின்னர் உலகமெங்கும் சிறுவர்கள் இந்த மீனைக் கேட்கத் தொடங்கினார்கள். கடலில் பிடித்தே இந்தத் தேவையை நிரப்பினால் பாறைகள் வெறுமையாகும். 1998இல் கடல் சூடேறியதால் நமது பவளப்பாறைகள் வெளுத்துப் பெரும் பகுதி அழிந்ததை அறிவீர்கள். எஞ்சியவற்றுள் ஒன்றான காயங்கேணிப் பாறைப் பகுதி 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே இந்த மீனைத் தொட்டியிலேயே பெருக்க முடியுமானால் அது கடலுக்கும் நன்மை.

முடியும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. அமெரிக்காவின் புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் 1970களின் தொடக்கத்தில் இம்மீனைத் தொட்டியில் பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டினார். பிற்பாடு இந்தியாவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் இதைச் செய்தது.

சோடி சேர்ப்பது எப்படி?

கோழி, ஆடு வளர்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளரும். ஒரு கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும். அடுத்த பெரியது அதன் ஆண் துணை. பெண் இறந்துவிட்டால் அந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். அதற்கு அடுத்தது ஆண் துணையாகும்.

எனவே ஆண், பெண் பார்த்து வாங்க வேண்டியதில்லை. ஒரே இனத்தில் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இரண்டு இளம் மீன்களை வாங்கி ஒன்றாக விட்டால் போதும். இரண்டு பெரிய மீன்களை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைக் கொல்லக்கூடும். இளம் மீன்கள் முட்டையிடும் பருவத்தை அடைய ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு செல்லும். அதுவரை வருமானம் எதுவும் இல்லை என்பதை இப்போதே மனதில் கொள்ளுங்கள்.

தொட்டியும் உப்புத் தண்ணீரும்

ஒரு சோடிக்கு 100 லீற்றர் கொள்ளும் தொட்டி போதும். எயார் பம்மும் பஞ்சு வடிகட்டியும் வேண்டும். புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதைத் தின்று மாற்றும் நல்ல கிருமிகள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும்.

வெப்பம் 26 முதல் 29 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம். நமது பகுதியில் இதற்குச் சூடாக்கி தேவையில்லை; வெயில் நேரே விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. உப்பு, லீற்றருக்கு 28 முதல் 34 கிராம் வரை இருக்கலாம். அளப்பதற்கு மிதவைக் கருவி ஒன்று வைத்திருங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரையே விட வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. கறி உப்பைக் கரைத்துக் கடல் நீர் செய்ய முடியாது.

வாவித் தண்ணீரைப் பாவிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாவியின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாரி மழையில் ஆறுகளும் வாய்க்கால்களும் வந்து சேர உப்பு வெகுவாகக் குறையும். முகத்துவாரம் வெட்டுப்பட்டதும் கடல் நீர் உள்ளே வர, உப்பு மாறும். அதோடு பெரும்போக வயல்களுக்கு அடித்த மருந்தும் களைகொல்லியும் எங்கே போய்ச் சேருகின்றன என்பது விவசாயிகளாகிய உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே கல்லடி, பாலமீன்மடுப் பக்கம் திறந்த கடலில், மழை இல்லாத நாளில் எடுத்த தண்ணீரே நம்பகமானது. துணியில் வடித்து, மூடிய பீப்பாவில் சில நாட்கள் அடைய விட்டுப் பாவியுங்கள்.

ஆயினும் கடல் நீரைவிட உப்புக் குறைந்த தண்ணீரிலும் இம்மீன் வாழக்கூடியது. தமிழ்நாட்டில் பறங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் கழிமுகத் தண்ணீரிலேயே ஒரு வகைக் கோமாளி மீனை முட்டையிட வைத்துக் குஞ்சும் வளர்த்து, அந்த முறையை 2009இல் வெளியிட்டார்கள். நமது வாவியைப் போன்ற இடத்தில் நடந்த வேலை இது. அதிலிருந்து நமக்கான பாடம்: உப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம், ஆனால் சடுதியாக மாறக் கூடாது.

தீனாக இறால், கணவாய், மட்டி ஆகியவற்றின் சதையைப் பொடியாக அரிந்து நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொடுக்கலாம். மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

முட்டையிடுதல்

தொட்டிக்குள் சாய்வாக ஒரு கூரை ஓட்டையோ மண்சட்டியின் பாதியையோ வையுங்கள். முட்டையிடுமுன் சோடி இரண்டும் அந்த இடத்தை வாயால் கொத்திச் சுத்தம் செய்யும். பெண் சில நூறு முட்டைகளை ஒட்டி வைக்கும். அவை முதலில் செம்மஞ்சளாக இருந்து பின்னர் கறுக்கும். ஆறாம், ஏழாம் நாளில் முட்டைக்குள் வெள்ளிப் பொட்டுப் போலக் கண்கள் தெரியும். அதுவரை ஆண் மீனே செட்டையால் விசிறிக் காத்து நிற்கும். பழுதான முட்டைகளை நீக்கிவிடும். நல்ல தீனும் அமைதியும் இருந்தால் ஒரு சோடி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை முட்டையிடும்.

ஏறத்தாழ ஏழாம் அல்லது எட்டாம் நாள் இரவில், விளக்கு அணைந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முட்டைகள் பொரிக்கும். இவ்வளவும் மீன் தானாகவே செய்யும் வேலை. நமது நண்பரின் வீட்டிலும் இதுவரை ஒரு குறையும் நேரவில்லை.

குஞ்சுகள் ஏன் சாகின்றன?

பொரித்த குஞ்சு 3 அல்லது 4 மில்லிமீற்றர் நீளம்தான். அதன் வயிற்றில் கோழிக்குஞ்சுக்கு உள்ளது போல நாட்கணக்கில் தாங்கும் கரு இல்லை. அடுத்த நாளே அது தின்ன வேண்டும். அதன் வாயோ மிகச் சிறிது. நாம் போடும் தூள் தீனி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது அடியில் விழுந்து பழுதாகுமே தவிர, குஞ்சு அதைத் தின்னாது. அசையும் உயிரைத்தான் அது இரையாகக் காணும். அசைகின்ற, அதன் வாய்க்குள் புகக்கூடிய இரை ரொட்டிபர் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணுயிர். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்குதான் அதன் அளவு. அந்த ரொட்டிபர் தின்று பெருகுவது பச்சைத் தண்ணீரில் உள்ள நுண்பாசியை.

ஆகவே வரிசை இதுதான்: பாசி, பாசியைத் தின்னும் ரொட்டிபர், ரொட்டிபரைத் தின்னும் குஞ்சு. முட்டை பொரித்த பிறகு பாசி தேடுவது உழாத வயலில் விதை எறிவது போன்றது. பச்சைத் தண்ணீரும் ரொட்டிபரும் தயாராகிக் குறைந்தது ஒரு மாதமாவது அழியாமல் நின்ற பிறகே குஞ்சைப் பற்றி நினைக்க வேண்டும்.

பச்சைத் தண்ணீர் செய்யும் முறை

1. 20 லீற்றர் கொள்ளும் தெளிவான போத்தல்கள் நான்கு எடுங்கள். கடல் நீரைத் துணியில் வடித்து, கிணற்றுக்கு இடும் குளோரின் சிறிதளவு இட்டு, மணம் முற்றாகப் போகும்வரை ஒன்றிரண்டு நாட்கள் காற்றுக் கொடுங்கள்.

2. அமோனியம் சல்பேற் 10 கிராம், சுப்பர் பொஸ்பேற் 1 கிராம், யூரியா 1 கிராம் ஆகியவற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துத் தெளிவை எடுங்கள். இது 100 லீற்றர் கடல் நீருக்குப் போதும். அதாவது 20 லீற்றர் போத்தல் ஒன்றுக்கு 200 மில்லிலீற்றர். வயலுக்கு இடும் கை அளவில் இங்கே இடக் கூடாது.

3. நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்ற அளவில் விதைப் பாசியைக் கலவுங்கள். வாவியில் அள்ளிய பாசி உதவாது. அதில் வேறு உயிர்களும் கலந்திருக்கும். விதைப் பாசியையும் ரொட்டிபரையும் பெறும் வழியைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையிலோ இறால் பொரிப்பகங்களிலோ விசாரியுங்கள்.

4. வெளிச்சம் இருக்கும் நிழலில் வைத்து இடைவிடாது காற்றுக் கொடுங்கள். ஐந்து முதல் ஏழு நாட்களில் தண்ணீர் கடும் பச்சையாகும்.

5. ஒரு போத்தலை எப்போதும் தொடாமல் வையுங்கள். அது உங்கள் விதைநெல். எவ்வளவு பசி வந்தாலும் விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதில்லை அல்லவா?

ரொட்டிபரை வேறு வாளியில், பச்சைத் தண்ணீரில் விடுங்கள். அது பாசியைத் தின்னத் தின்ன நீரின் நிறம் வெளிறும். அப்போது மேலும் பச்சைத் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒரு கண்ணாடிக் கோப்பையில் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெண்தூசி போல அசைவது தெரியும். நன்றாகப் பெருகிய பின் நாளுக்கு நாலில் ஒரு பங்கை மெல்லிய நைலோன் வலையில் வடித்து எடுக்கலாம். ரொட்டிபர் வாளியில் பட்ட குழாயோ கையோ பாசிப் போத்தலில் படக் கூடாது. ஒரு துளி போனாலும் சில நாட்களில் அந்தப் போத்தலின் பச்சை முழுவதையும் அது தின்றுவிடும்.

முதல் பதினைந்து நாட்கள்

பொரிக்கும் நாள் மாலை: 30 லீற்றர் அளவான, பக்கங்கள் இருண்ட ஒரு தொட்டியில் தாய்த் தொட்டியின் தண்ணீரையே நிரப்பி, முட்டையுள்ள ஓட்டைத் தண்ணீரோடு மெதுவாக மாற்றுங்கள். ஆண் மீன் விசிறிய வேலையை இனிக் காற்றுக்குமிழி செய்ய வேண்டும். குமிழி முட்டைகளின் அருகே போகட்டும். இருட்டாக விடுங்கள்.

1 முதல் 5ஆம் நாள் வரை: தண்ணீர் இளம் பச்சையாக இருக்கும்படி பாசி சேர்த்து, ஒரு மில்லிலீற்றருக்குப் பத்து ரொட்டிபர் குறையாமல் காலை, மதியம், மாலை பார்த்து விடுங்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும். காற்று மெல்ல வரட்டும். குஞ்சுகளுக்கு மிக ஆபத்தான காலம் இது.

6 முதல் 10ஆம் நாள் வரை: ஆட்டீமியா என்ற உப்பளச் சிற்றுயிரின் முட்டை டின்னில் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் இட்டுக் காற்றுக் கொடுத்தால் ஒரு நாளில் பொரிக்கும். அதைச் சிறிது சிறிதாகக் கொடுக்கத் தொடங்குங்கள். ரொட்டிபரை உடனே நிறுத்த வேண்டாம். நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மாற்றுங்கள்.

10 முதல் 15ஆம் நாள் வரை: வெள்ளைப் பட்டி தெரியத் தொடங்கும். மேலே மிதந்து திரிந்த குஞ்சுகள் கீழே இறங்கி மீன் போல நீந்தும். இந்தக் கட்டத்தைத் தாண்டியவை பெரும்பாலும் பிழைக்கும். மூன்று நான்கு மாதத்தில் ஓர் அங்குல அளவுக்கு வளரும்.

ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள் செய்யாதீர்கள். தீனியை மாற்றும் நாளில் தண்ணீரை மாற்ற வேண்டாம். தண்ணீரை மாற்றும் நாளில் தொட்டியை மாற்ற வேண்டாம்.

பணம் போடுமுன்

இந்த வேலையில் கையிருப்பை இழப்பது மிக இலகு. ஆகவே சில விடயங்களைத் திறந்து சொல்கிறேன்.

முதலாவது, கடன் பட்டு இதைத் தொடங்க வேண்டாம். ஓராண்டுக்கு மேல் வருமானம் இல்லாத தொழிலுக்கு மாத வட்டி கட்ட முடியாது.

இரண்டாவது, மின்சாரம் நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் குஞ்சு சில மணித்தியாலத்தில் சாகும். மின்கலத்தில் ஓடும் எயார் பம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, சந்தை கொழும்புப் பக்கம் இருக்கிறது. ஏற்றுமதியாளர் இருபது மீனுக்காக மட்டக்களப்புக்கு வரமாட்டார். ஒரே அளவான மீன் தொகையாகவும் தொடர்ச்சியாகவும் வேண்டும். இதை ஒரு வீடு தனியே கொடுக்க முடியாது. ஐந்தாறு வீடுகள் சேர்ந்தால் முடியும். மும்பைக்கு அருகே ஐரோலியில் உள்ள பொரிப்பகம் நல்ல உதாரணம். அங்கே முதல் வாரங்களின் கடினமான வேலையைப் பொரிப்பகம் செய்கிறது. தப்பிய குஞ்சுகளைப் பெண்கள் குழுக்கள் வாங்கி விற்கும் அளவுக்கு வளர்க்கின்றன. நமது இடத்திலும் பொறுமையும் வசதியும் உள்ள ஒரு வீடு பாசியையும் குஞ்சையும் பார்க்க, மற்ற வீடுகள் வளர்ப்பை ஏற்கலாம்.

நான்காவது, நன்னீர் மீனில் தொடங்குங்கள். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பிக்கே முதலிடம். அது குஞ்சாகவே ஈனும். குஞ்சுக்கு ரொட்டிபர் தேவையில்லை. பிழைத்தால் நட்டமும் சிறிது. ஆறு மாதம் கப்பி வளர்த்தவருக்குத் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். அதன் பின் பச்சைத் தண்ணீர், பின்னர் ரொட்டிபர், கடைசியாகக் கோமாளி மீன். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

ஐந்தாவது, பாறையில் இருந்து நீங்களே மீன் பிடிக்கப் போகாதீர்கள். எந்த இனத்தை வைத்திருக்கலாம், விற்பதற்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கடற்றொழில் திணைக்களத்திலும், நக்டா என்று நாம் அழைக்கும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபையின் அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்த பின்பே தொடங்குங்கள்.

அமிர்தகழி நண்பருக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் தொடங்கினதே தலைகீழா, பாதர்" என்றார். அடுத்து வந்த மூன்று முட்டைத் தொகுதிகளை அவர் பொரிக்க வைக்க முயலவே இல்லை. பாசிப் போத்தல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அவை வெளுத்துப் போயின. மூன்றாம் தடவை நின்றது. காலையில் அடுப்பு மூட்டுமுன் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது அவர் மனைவியின் வேலையாயிற்று. அவருடைய கண் கணவரின் கண்ணைவிடக் கூர்மையானது. நான் கடைசியாகப் போனபோது சிறிய தொட்டியில் வெள்ளைப் பட்டியோடு நாற்பது வரையான குஞ்சுகள் நின்றன. இன்னும் ஒன்றும் விற்கவில்லை. அயலில் இரண்டு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. அவர்களுக்கு அவர் மீன் எதுவும் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு போத்தல் பச்சைத் தண்ணீர் கொடுத்து, "இத ஒரு மாசம் சாகாம வெச்சிருங்க. பிறகு கதைப்பம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.